ஆடாத கோடு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்:

கோவிந்தராஜ், தரக் கட்டுப்பாட்டு மேலாளர். சேலத்திலிருந்து தினமும் காரில் மலையேறி வருபவர். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிப்பது போலப் பேச்சிலும் முன்கூட்டியே சத்தம் கொடுப்பவர்.

ஜோஸ்லின், பதிவுகளைச் சரிபார்ப்பவள். ஏற்காட்டுப் பக்கம் மஞ்சக்குட்டைக்காரி. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பீஸும் வெளியே போகாது.

மேக்ஸ்வெல், அடிவாரத்துப் பட்டறையில் பிளாஸ்மா கன் ஓட்டுபவன். மலைமேல் இருக்கும் ஆபீஸுக்கு அன்றுதான் முதல் தடவையாக வந்தான். அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

ஹரிணி, வாடிக்கையாளர் கம்பெனியின் இன்ஸ்பெக்டர். பெங்களூரிலிருந்து வந்திருந்தார். மலைப்பாதை ஒத்துக்கொள்ளாமல் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையிலேயே வைத்திருந்தார்.

டோமினிக், அதாவது நான். அங்கே நைட் ஷிப்ட் பார்த்துப் பாதியில் விட்டவன். அதற்கு முன்னால் காலேஜையும் பாதியில் விட்டவன்.

கந்தசாமியையும் சேர்க்கலாம். அவர் அறையில் இல்லை. கீழே பட்டறையில், போனின் மறுமுனையில் இருந்தார்.

கம்பெனி செய்வது இதுதான். விமான எஞ்சினுக்குள் சூடான காற்றைத் திருப்பிவிட உள்ளங்கை அளவில் ஓர் உலோகத் துண்டு உண்டு. வேன் என்போம். அந்தச் சூட்டை அது தாங்குவதற்காக மேலே வெள்ளையாகப் பீங்கான் பூச்சு பூச வேண்டும். பீங்கான் பவுடரை பிளாஸ்மா கன்னின் தீக்குள் செலுத்தினால் உருகித் தெறித்து உலோகத்தில் ஒட்டும். சரியாக உருகாவிட்டாலும் ஒட்டியது போலத்தான் இருக்கும். பிறகு உரியும். வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கன்னின் வோல்டேஜ், வாயு, பவுடர் எல்லாம் நொடிக்கு நொடி கம்ப்யூட்டரில் பதிவாகின்றன. வாடிக்கையாளர் வாங்குவது பூச்சை மட்டுமல்ல. அந்தப் பதிவையும் சேர்த்துத்தான்.

பூசுவது அடிவாரத்தில். பதிவு செய்வதும் பார்ப்பதும் மேலே ஏற்காட்டில், ஒண்டிக்கடை முக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி, முதலாளியின் எஸ்டேட் பங்களாவில். குளிர் ஊர் என்பதால் சர்வருக்கு ஏசி வேண்டாம் என்பது முதலாளியின் யோசனை. மலைப்பாதையோரம் போட்ட கேபிள் ஒவ்வொரு மழைக்கும் மண் சரிந்து அறுந்தது. அதனால் மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு காற்றுவழியாக ஒளியால் பேசுகிற மாதிரி வைத்தார்கள். நடுவில் மேகம் இறங்கினால் பேச்சு நின்றுவிடும்.

முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. இந்தப் பேச்சு, அதாவது லிங்க், அறுந்தால் கீழே சிவப்பு விளக்கு எரியும், கன்னை நிறுத்துவார்கள். குளிர்காலம் வந்ததும் பாதி நாள் சிவப்பு விளக்காகவே போனது. வேலை தேங்கியது. பதிவில் ஏன் இத்தனை ஓட்டை என்று வாடிக்கையாளர் கேட்டார்கள். கோவிந்தராஜ் சாஃப்ட்வேர்காரனை வரவழைத்தார். லிங்க் அறுந்தால் கடைசியாக வந்த எண்ணையே திரும்பத் திரும்ப எழுதிக்கொள்ள வேண்டும், விளக்கு பச்சையாகவே இருக்க வேண்டும் என்று மாற்ற வைத்தார். அன்றிலிருந்து ஓட்டைகள் இல்லை.

கீழே இருப்பவர்களுக்கு இது சொல்லப்படவில்லை. அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மேகம் இறங்கியது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். கோடுகளைப் பார்ப்பதுதான் என் வேலை. கன் ஓடும்போது வோல்டேஜ் கோடு சும்மா இருக்காது. காய்ச்சல்காரன் கை போல நடுங்கிக்கொண்டே இருக்கும். மேகம் இறங்கினால் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராகிவிடும். கன் கீழே எப்படி எரிகிறது என்று யாருக்கும் தெரியாது. நான் அந்த நேர்கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான்.

அன்று நான் போனது அனுபவச் சான்றுக்காக. ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டிருந்தது. கோவிந்தராஜ் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வா சாமி. நொம்ப எளைச்சுட்டயே. சாப்புடறியா இல்லியா?”

“சாப்புடறனுங்க.”

“உள்ள ஒரு அம்மா வந்திருக்காங்க. நைட் ஷிப்ட் ஆளு ஏன் நின்னான்னு கேக்கறாங்க. ஊட்டுல பிரச்சினைன்னு சொல்லு. அப்பாவுக்கு ஒடம்பு செரியில்லைன்னு சொல்லு.”

“அப்பா நல்லாத்தானுங்க இருக்காரு.”

“நல்லா இருக்கட்டும் சாமி. அவரு படுக்கோணும்னு நானா சொல்றேன்? அந்தம்மாகிட்டத்தான் சொல்லச் சொல்றேன். உன் லெட்டரு டைப் ஆயி மேசை மேல இருக்குது. கையெழுத்துதான் பாக்கி.”

உள்ளே போனேன். சுவரில் பெரிய திரை. கீழே அந்த நிமிடம் ஓடிக்கொண்டிருந்த கன்னின் கோடுகள் அதில் ஓடின. மேசையில் ஒரு தட்டு போண்டா. யாரும் தொடவில்லை. ஹரிணி திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வேன். அதன் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு பொருக்கு போல எழும்பி நின்றது.

“எஞ்சின்ல மாட்டறதுக்கு முன்னாடி எங்க டெஸ்ட்லயே உரிஞ்சது. அதனால தப்பிச்சோம்” என்றார் ஹரிணி. “மாட்டின பிறகு உரிஞ்சிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன். வேற ஆளுங்க வந்திருப்பாங்க.”

கோவிந்தராஜ் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். உரிந்த பீஸின் பதிவு. எல்லாக் கட்டங்களும் பச்சை.

“பாருங்க மேடம். வோல்டேஜு, கேஸு, பவுடரு, எல்லாம் லிமிட்டுக்குள்ள. ஒரு எடத்துல கூட ஓட்டை இல்லை. மெசின் பக்கம் தப்பே கெடையாது.”

“அப்ப ஏன் உரிஞ்சது?”

“சென்சார் இல்லாத வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்குது. பூச்சுக்கு முன்னாடி பீஸைச் சொரசொரப்பாக்கறது. கிரிட்டுங்கற பொடிக்கல்லைக் காத்துல அடிச்சுக் கையிலயே பண்றது. அதைப் பண்ணவன் இவந்தான்.”

எல்லோரும் மேக்ஸ்வெல்லைப் பார்த்தோம். அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ஸ்வெட்டர் இல்லை. கீழே கிளம்பும்போது தேவைப்பட்டிருக்காது.

“நாஞ் செரியாத்தானுங்க அடிச்சேன்.”

“செரியா அடிச்சா ஏன் மேக்ஸு உரியுது?”

“தெரியலீங்க.”

“தெரியலைன்னா? மெசினு தப்புப் பண்ணலைன்னு மெசினே சொல்லுது. நீ பண்ணலைன்னு யாரு சொல்றது?”

“எனக்கு நாந்தானுங்க சொல்லோணும். வேற யாரு இருக்கறா?”

ஹரிணி சிரிக்கவில்லை. அவன் முன்னால் ஒரு தாள் இருந்தது. கிரிட் அடித்ததில் கவனக்குறைவு என்று ஒப்புக்கொள்ளும் தாள். அதில் கையெழுத்துப் போட்டால், பூச்சு பூச அவனுக்கு இருக்கும் ஸ்ப்ரேயர் சான்றிதழ் ரத்தாகும். அது ஹரிணியின் கம்பெனி கொடுத்தது. அவர்கள் ரத்து செய்த ஆளை வேறு எந்தப் பூச்சுக் கம்பெனியும் எடுக்காது. பட்டறைக்கு வருவதற்கு முன் அவன் சேலத்தில் கொத்தனாருக்குச் சித்தாளாக இருந்தவன். மறுபடி அங்கேதான் போக வேண்டும். “போட்டுட்டன்னா பேக்கிங்ல வெச்சுக்கறேன்” என்று கோவிந்தராஜ் காரில் வரும்போது சொல்லியிருந்தாராம். அந்தப் பேச்சை மேக்ஸ்வெல் நம்பினானா என்று அவன் முகத்திலிருந்து தெரியவில்லை.

நான் ஜோஸ்லினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேசைக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. என்னுடையதும்தான். இரண்டு பேருக்கும் ஒரே விஷயம் தெரியும். கீழே கன் ஓடும் பூத்தின் பேனலில் அதற்கென்று சொந்த ஞாபகம் உண்டு. மேலே லிங்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கன் உண்மையில் எப்படி எரிந்தது என்று அது எழுதி வைத்துக்கொள்ளும். ஆனால் சில வாரத்து வேலைக்குத்தான் இடம். புதுப் பீஸ் ஒன்று ஏறினால் பழசு ஒன்று அழியும். மேக்ஸ்வெல் ஓட்டி உரிந்துபோன பீஸின் பதிவு இப்போது அழியும் ஓரத்துக்கு வந்துவிட்டது. கீழே கந்தசாமி நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“இது முடிஞ்சு இன்னொண்ணு ஏறுச்சுன்னா அவனோடது போயிரும்” என்று என் காதருகே சொன்னாள்.

“தெரியுங்கக்கா.”

“என்ன பண்றது?”

“நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க.”

சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹரிணி என் பக்கம் பார்த்தார். “நீங்கதான் டோமினிக்கா? ஏன் வேலையை விட்டீங்க?”

கோவிந்தராஜ் போண்டாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். என் சான்று அவர் முழங்கைக்கு அடியில் இருந்தது.

“பிடிக்கலைங்க” என்றேன்.

“என்ன பிடிக்கலை?”

“உக்காந்தே இருக்கறது.”

பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. கோவிந்தராஜ் சத்தமாகச் சிரித்தார்.

“இந்தக் காலத்துப் பசங்க மேடம். உக்காரச் சொன்னா நிக்கோணும்பான். நிக்கச் சொன்னா பைக்கை எடுத்துட்டுப் போயிருவான்.”

ஹரிணி ஏதோ குறித்துக்கொண்டார். கோவிந்தராஜ் பேனாவை எடுத்து மேக்ஸ்வெல்லிடம் நீட்டினார். அவன் வாங்கினான். தாளைப் படிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். கோவிந்தராஜ் விரலால் மேசையைத் தட்டினார்.

ஜன்னல் வெளுத்தது. முதலில் சில்வர் ஓக் மரங்களின் தலை மறைந்தது, பிறகு அடிமரம், பிறகு கேட். அறை இருண்டது. ஹரிணி பையிலிருந்து சால்வையை எடுத்தார். நானும் ஜோஸ்லினும் ஒரே நேரத்தில் சுவர்த் திரையைப் பார்த்தோம்.

வோல்டேஜ் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் நின்றது. எழுபத்திரண்டில் படுத்தது. அப்படியே நேராக, அசையாமல் ஓட ஆரம்பித்தது. திரையின் மூலையில் விளக்கு பச்சை.

கோவிந்தராஜும் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். “லைட்டைப் போடு சாமி” என்றார் என்னிடம், மிக அமைதியாக.

லைட்டைப் போட எழுந்தேன். அதற்குள் ஜோஸ்லின் மேசை போனை இழுத்துப் பட்டறைக்கு அடித்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். கன்னின் இரைச்சல் அறையை நிறைத்தது. ஜெட் விமானம் ஒன்று பாத்ரூமுக்குள் நிற்பது போன்ற இரைச்சல். ஹரிணி திடுக்கிட்டு எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டார்.

“கந்தசாமிண்ணா, நான் ஜோஸ்லின் பேசறேன்.”

“ஆருங்க? சத்தமாப் பேசுங்க! காதுல பஞ்சு வெச்சிருக்கேன்!”

“பேனல்ல வோல்டேஜ் எவ்வளவு காட்டுது? படிங்க!”

“ஏனுங்க, உங்க திரையிலதான் தெரியுமே! எதுக்குங்க என்னையப் படிக்கச் சொல்றீங்க?”

“படிங்கண்ணா!”

“அறுவத்தஞ்சு... அறுவத்தாறு... இல்லீங்க, அறுவத்தி நாலு. ஆடிக்கிட்டே இருக்குதுங்க. கொறஞ்சுட்டும் வருது. கன்னு முனையில நாசில் தேஞ்சு போச்சாட்ட இருக்குது. நீங்க மேல இருந்து ஒண்ணும் சொல்லலியேன்னு நானும் ஓட்டறேன்.”

ஹரிணி நாற்காலியைத் திருப்பினார். திரையைப் பார்த்தார். எழுபத்திரண்டு. ஒரு புள்ளி கூட அசையவில்லை.

“லிங்க் டிலேங்க மேடம்” என்றார் கோவிந்தராஜ். “மலையில்ல, ரெண்டு செகண்டு தள்ளித்தான் வரும்.”

“தள்ளி வந்தாலும் ஆடணுமே சார்.”

போனில் இரைச்சல் மட்டும். ஜோஸ்லின் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“கந்தசாமிண்ணா, கன்னை நிறுத்துங்க.”

“பீஸு பாதியில இருக்குதுங்க! இப்ப நிறுத்துனா வீணாப் போயிருமுங்க. சாரு சொன்னாருங்களா?”

“நிறுத்தாத கந்தசாமி!” என்றார் கோவிந்தராஜ்.

“லிங்க் அறுந்தா நிறுத்தோணும்னு ரூல் இருக்குதில்லீங்களா?” என்றாள் ஜோஸ்லின். “லிங்க் அறுந்துருச்சுங்கண்ணா.”

“வெளக்கு பச்சையா எரியுதேங்க!”

“வெளக்கு பொய்யிங்கண்ணா.”

ஒரு நொடி கழித்து இரைச்சல் நின்றது. கந்தசாமி இருமுவதும் தூரத்தில் யாரோ “கரண்டு போச்சா?” என்று கேட்பதும் தெளிவாகக் கேட்டன.

மேக்ஸ்வெல் பேனாவைக் கீழே வைத்தான். “வெளக்கு பொய்யிங்களா?” என்று ஜோஸ்லினைக் கேட்டான். அவள் தலையசைத்தாள். கோவிந்தராஜைக் கேட்டான். “எப்ப இருந்துங்க?” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைப் பார்த்தான். “போன மார்கழியில இருந்து” என்றேன். இதைச் சொல்ல இப்போது எந்தத் தைரியமும் தேவைப்படவில்லை.

“அந்தப் பச்சையப் பாத்துத்தானுங்க நான் ஓட்டுனேன்” என்றான் மேக்ஸ்வெல். “சாமி சத்தியமா, அதைத்தான் பாத்தேன். கன்னு சத்தம் கொஞ்சம் மாறுச்சு. பச்சையா இருக்குதேன்னு உட்டுட்டேன்.”

ஜோஸ்லின் மறுபடி போனில் பேசினாள். மேக்ஸ்வெல்லின் பீஸ் பேனலில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இருந்தது. வரிசையில் கடைசியாக. கந்தசாமி அதைத் தன் போனில் படம் பிடித்து அனுப்பினார். மேகத்துக்குள் படம் வந்து சேர வெகுநேரம் ஆனது. அது பாதி பாதியாக இறங்குவதை ஐந்து பேரும் ஒரே போனைச் சுற்றி நின்று பார்த்தோம். பிறகு ஜோஸ்லின் எங்கள் பதிவையும் பேனலின் படத்தையும் சுவர்த் திரையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். எங்கள் பதிவை ஹரிணிக்காகப் பெரிதாக்கிக் காட்டினாள். இரண்டிலும் தொடக்கம் ஒன்று. முடிவும் கிட்டத்தட்ட ஒன்று. நடுவில் எங்கள் கோடு எழுபத்திரண்டில் நேராகப் போனது. பேனலின் கோடு குழிக்குள் இறங்கி, வெகுநேரம் கிடந்து, தட்டுத்தடுமாறி ஏறியது. அந்தக் குழியில்தான் பவுடர் பாதி உருகிப் போய் ஒட்டியிருக்கிறது.

ஹரிணி மேக்ஸ்வெல் முன்னாலிருந்த தாளை எடுத்து இரண்டாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நீங்க கீழ போகலாம். உங்க சான்றிதழ் அப்படியேதான் இருக்கும். நாசிலை மாத்தாம யாரும் கன்னைத் தொடக் கூடாது.” பிறகு மற்ற எங்களிடம், குரல் மாறாமல்: “போன மார்கழியில இருந்து இந்த மலையில பதிவான எல்லாப் பீஸையும் நிறுத்தி வைக்கிறோம். எதுல எவ்வளவு இட்டுக்கட்டினதுன்னு பாக்கற வரைக்கும் இந்தக் கம்பெனியிலிருந்து ஒரு வேன் கூட எங்களுக்கு வேண்டாம்.”

கோவிந்தராஜ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஜோஸ்லினைப் பார்த்தார்.

“ஏம் புள்ள, உனக்கு இதுல என்ன கெட்டுப் போச்சு? அவனைப் பேக்கிங்ல போடறேன்னு சொன்னேன்ல. இப்பப் பாரு, பேக்கிங்கே இருக்காது. உனக்கும் இருக்காது, எனக்கும் இருக்காது. இவனுக்கு மட்டும் சான்றிதழ் இருக்கும். அதை வெச்சுக்கிட்டு எந்தக் கன்னை ஓட்டுவான்?”

அவர் சொன்னதில் ஞாயம் இல்லாமல் இல்லை.

“ஓசூர் இருக்குதுங்க, பெங்களூர் இருக்குதுங்க” என்றாள் ஜோஸ்லின். “அவனுக்கு எடம் இருக்கும்.”

“உனக்கு?”

ஹரிணி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். உரிந்த பீஸின் பதிவில் அடியில் இருந்த பெயரைப் படித்தார்.

“இதைச் சரிபார்த்தது நீங்கதானே?”

“ஆமாங்க.”

“கோடு நேரா இருந்தது தெரியுமா?”

“தெரியுங்க.”

“தெரிஞ்சும் போட்டீங்களா?”

“எல்லாத்துலயும் போட்டனுங்க. இதுல மட்டும் போடலைன்னா ஏன்னு கேப்பாங்க.”

“வேற யார் கையெழுத்து இருக்கு?”

வேறு யாருடையதும் இல்லை. நைட் ஷிப்ட் ஆட்கள் பார்க்க மட்டும்தான். சாஃப்ட்வேரை மாற்றச் சொன்னதும் வாய்ப்பேச்சுதான். கோவிந்தராஜ் அந்தப் பதிவுகளில் எங்கேயும் கையெழுத்துப் போட்டதே இல்லை. என் சான்றில்கூட இன்னும் போடவில்லை. அதை இப்போது அவர் முழங்கைக்கு அடியிலிருந்து நானே உருவி எடுத்தேன். வெற்றுத்தாள் போலத்தான் இருந்தது. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

ஹரிணி போனில் தன் ஆபீஸிடம் ஐந்தாறு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு சொன்னார்: “பதிவுகளில் கையெழுத்துப் போட்டவங்க யாரும் இந்த அறையில் இருக்கக் கூடாது. சர்வரைப் பிரதி எடுத்து முடிக்கிற வரைக்கும். அதுதான் எங்க விதி. ஸாரி.”

அந்த விதியின்படி வெளியே போக வேண்டியவள் ஒருத்திதான்.

மேக்ஸ்வெல் போகாமல் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு போண்டா. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. கடிக்கவும் இல்லை.

“அக்கா, நானு...”

“போ கண்ணு. ஒண்டிக்கடையில ஜீப்பு நிக்கும். இந்த மேகத்துல அப்புறம் எடுக்க மாட்டாங்க.”

“நீங்களும் வாங்கக்கா. மஞ்சக்குட்டைக்கு வண்டி பாத்து ஏத்தி உட்டுட்டு நான் போறேன்.”

“எனக்கு வழி தெரியாதாடா? ஸ்வெட்டரு கூட இல்லாம வந்திருக்கறே. ஓடு.”

அவன் போனான். வராந்தாவில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு கேட்டின் சத்தம்.

“டோமினிக், நீங்க எதுலயும் கையெழுத்துப் போட்டதில்லையே?” என்றார் ஹரிணி.

“இல்லீங்க.”

“இந்த சாஃப்ட்வேர் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும். எனக்கு எதைத் திறக்கணும்னு தெரியல. உட்காருங்க.”

ஜோஸ்லின் தன் நாற்காலியின் முதுகிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாள். டிபன் டப்பாவைப் பைக்குள் போட்டாள். கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மாதா படத்தை எடுத்து, பார்க்காமலேயே பைக்குள் போட்டாள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள்.

“பாஸ்வேர்டு பழசுதான்” என்றாள் என்னிடம்.

“செரிங்கக்கா.”

நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன். திரையில் வோல்டேஜ் கோடு எழுபத்திரண்டில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. கீழே கன் அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் வாசற்படியில் நின்று அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு வெளியே இறங்கினாள். மேகம் வராந்தா வரைக்கும் வந்துவிட்டிருந்தது. ஹரிணி எழுந்து போய் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினார்.